பாதத்தில் ஒரு பள்ளம்

பூதலூரில் ரயில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த அம்மா, பக்கத்திலிருந்த கணவரிடம் சொன்னார்: “உங்களுக்கு வலிக்கணும்னுதான் நான் தெனமும் வேண்டிக்கிறேன்.”

“நல்லா வேண்டுன போ. சக்கரையில காலு மரத்து மூணு வருஷமாச்சு.”

“தஞ்சாவூர்ல பாதத்தக் கம்ப்யூட்டர்ல படம் புடிச்சு, மெஷின்ல வெட்டி ஒரு மெத்தை குடுத்தாங்களே? மவன் சிங்கப்பூர்லேருந்து அனுப்புன ஷூவுக்குள்ள அத வச்சுத்தானே போடுறீங்க?”

“பின்ன? ஆனா மெஷினு ஒரு எடத்துல பள்ளமா வெட்டிருச்சு. நான்தான் சைக்கிள் டியூப்ப நறுக்கி ஒட்டிச் சமப்படுத்துனேன். நடவுக்கு முன்னாடி வயல்ல பள்ளத்த விடுவமா?”

வெளியே, நட்டு முடித்த வயல்களில் தண்ணீர் ஒரே மட்டமாக நின்றது.

“எந்த எடத்துல? கட்டவெரலுக்குக் கீழ, பழைய புண்ணு இருந்த எடத்துலயா?”

“ஆமா.”

“அய்யோ, அங்க பாரம் படக் கூடாதுன்னுதாங்க அந்தப் பள்ளமே! மறுபடி புண்ணு வந்தா வெரல எடுக்கணும்னாரே டாக்டரு. எப்ப ஒட்டுனீங்க?”

“பத்து நாளாச்சு. ஒண்ணும் தெரியலயே.”

அம்மா கீழே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் வரவில்லை, அடிப்பாதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“நீயே பாரு புள்ள,” என்றவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். “பாத்துட்டு எங்கிட்டச் சொல்லாத.”