வெட்டில்லாத பதினொரு நிமிடம்

புதிய வார்த்தைகளைக் காகிதத் துண்டில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தால் சீக்கிரம் மனதில் நிற்கும், மேடம். உடை மாற்றக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. இந்த யோசனையைச் சொன்னது உஜ்ஜயினிதான். பத்து மாதம் நாங்கள் ஒரே அறையில் இருந்தோம்.

நான் கட்வா என்ற சின்ன ஊரில் வங்காள வழியில் படித்தவள். பி.எஸ்ஸி. வேதியியல். சினிமா ஆய்வில் எம்.ஏ. சேர எப்படியோ இடம் கிடைத்தது. முதல் வாரம் வகுப்பில் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டிவிட்டு, என்ன தோன்றுகிறது என்று பேராசிரியர் என்னைக் கேட்டார். கல்லோல்தா என்று அண்ணன் முறை வைத்துத்தான் அவரைக் கூப்பிடுவோம். "ரொம்ப அழகா இருக்கு" என்றேன்.

"அழகுன்னு சொல்ல எம்.ஏ. எதுக்கும்மா? எங்க வீட்டு மீன்காரரே சொல்லிடுவாரு."

வகுப்பு முழுக்கச் சிரித்தது.

அன்று மாலையே உஜ்ஜயினி எனக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். டார்ஜிலிங் கான்வென்ட்டில் படித்தவள். தலை பின்னிக்கொண்டே கேட்பாள்.

"ஒரு ஃப்ரேமுக்குள்ள ஆளு, பொருளு, வெளிச்சம் எல்லாத்தையும் அமைச்சு வைக்கிறதுக்குப் பேர் என்ன?"

"மிஸான்சேன்."

"மீன் முள்ளு தொண்டையில சிக்கின மாதிரி சொல்றியே டி. திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னேன். கோபம் வந்ததில்லை. அவள் மேல் எனக்கு இப்போதும் மரியாதை உண்டு. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு நன்றாக வந்தது ஷாட் அட்டவணை. நேரம், தொலைவு, அசைவு, ஒலி என்று நான்கு கட்டம். நிறுத்துகடிகாரத்தை வைத்துக்கொண்டு, திரையில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும். பாத்திரத்துக்காகப் பரிதாபப்படக் கூடாது. பரிதாபப்பட்டால் கண் மங்கிவிடும் என்பார் கல்லோல்தா. ஆய்வகத்தில் நிறமாற்றத்தைக் குறிப்பது போன்ற வேலைதான்.

ஆனால் இரண்டு கட்டுரைகளில் தோற்றேன். மூன்றாவதிலும் தோற்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். எனக்காக வரன் பார்த்து வைத்திருந்தார்கள்.

மூன்றாவது கட்டுரைக்கு ஒரே ஷாட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். வெட்டே இருக்கக் கூடாது. குறைந்தது மூன்று நிமிடம். ஒருவர் தேர்ந்தெடுத்த படத்தை இன்னொருவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. நான் ஒரு பழைய படத்தில் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதில் வரும் தாய் ஏன் ஒருமுறைகூடக் கதவுப் பக்கம் திரும்பவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. சாப்பிடும்போது உஜ்ஜயினியிடம் சொன்னேன். திங்கட்கிழமை வகுப்பில் அவள் எழுந்து அதையே சொன்னாள். கல்லோல்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

அறைக்கு வந்ததும், அது நான் சொன்னதுதானே என்றேன்.

"நீ சொன்னப்போ அது வெறும் உளறல் டி. நான்தான் அதுக்கு வார்த்தை குடுத்தேன். வார்த்தை இல்லாத யோசனை யாருக்கும் சொந்தமில்ல."

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது.

நான்கு நாள் மீதி இருந்தது. நல்ல படங்களையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். யாரும் பார்த்திராத ஒரு ஷாட் வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் விடுதியில் வீட்டுக்கார அம்மாவை மாஷிமா என்போம். சாயங்காலம் சங்கு ஊதியதும் சாம்பிராணிச் சட்டியோடு அறை அறையாகப் போவார். உஜ்ஜயினிக்கு ஆஸ்துமா என்பதால் எங்கள் மாடி அறைக்கு மட்டும் வரமாட்டார். வியாழக்கிழமை அவள் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கீழே போனேன்.

"உங்க மகாராணி எங்க?"

"சித்தி வீட்டுக்குப் போயிருக்கா, மாஷிமா."

"அப்ப இன்னைக்காவது உங்க ரூமுக்குப் புகை போடலாம். அங்கேருந்துதான் கொசு பட்டாளமே கிளம்புது. இந்த முட்டியை வச்சுக்கிட்டு எப்படி மாடி ஏறுறது?"

"குடுங்க, நான் கொண்டுபோறேன்."

"நீ நல்லா இருப்படி."

மாஷிமாவைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவருக்கு எதுவும் தெரியாது.

சட்டியைக் கட்டில் அருகே வைத்தேன். மேற்கு ஜன்னலை அடைத்தேன். பலகை இடுக்குகள் வழியாக வெயில் கோடு கோடாக விழுந்தது. புகை இல்லாவிட்டால் அந்தக் கோடுகள் தெரிந்திருக்காது. நாற்காலியைக் கட்டிலின் கால்மாட்டில் போட்டு, நோட்டைத் திறந்தேன்.

ஐம்பதாவது நொடியில் முதல் இருமல். ஒன்றரை நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தாள். கை தலையணைக்கு அடியில் போனது. அவளுடைய இன்ஹேலர் எப்போதும் அங்கேதான் இருக்கும். அப்போது அது என் மடியில் இருந்தது. இரண்டு நிமிடம் நாற்பதாவது நொடியில் நேராக என்னைப் பார்த்தாள்.

"ஷெஃபாலி... குடு டி."

ஒலிக் கட்டத்தில் அதைக் குறித்தேன். அவள் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தாள், கால் நிற்கவில்லை. கேமரா எழுந்து போய் யாருக்கும் எதையும் எடுத்துக்கொடுப்பதில்லை, மேடம்.

என்னைக் கல்நெஞ்சக்காரி என்று எண்ணிவிடாதீர்கள். மூன்று நிமிடம் ஆனதும் இன்ஹேலரைக் கையில் எடுத்தேன். கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். ஆனால் நல்ல ஷாட்டைப் பாதியில் வெட்டக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். வெட்டியிருந்தால் எழுந்ததும் முதலில் அவளே என்னைப் பார்த்துச் சிரித்திருப்பாள்.

பதினொரு நிமிடம் ஆனது. அதன் பிறகு அசைவுக் கட்டத்தில் எழுத ஒன்றும் இருக்கவில்லை.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். புகை வைத்தது, ஜன்னலை அடைத்தது, பொய் சொன்னது, இன்ஹேலரை எடுத்துவைத்தது எல்லாம் நான்தான். எதையும் மறுக்கவில்லை. ஏழாவது வரியில் 'கொன்றாள்' என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு 'கவனித்தாள்' என்று போடுங்கள். அதுதான் துல்லியமான சொல். போட்டுவிட்டால் கையெழுத்திடுகிறேன்.