ஷூவைத் திருப்பி வைத்தது யார்

என் பெயர் ஹயாதே தொகுனாகா. வயது இருபத்து நான்கு. இருப்பது லாஸ் ஏஞ்சலஸ் நகர நடுவில், லிட்டில் டோக்கியோவில், வேலை பார்க்கும் நூடுல்ஸ் கடைக்கு மேலே ஒரு அறையில். இதெல்லாம் உனக்குத் தெரியும் அக்கா. இருந்தாலும் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பேசுவது நான்தான் என்பது தெளிவாக இருக்கட்டும்.

தட்டி எழுத உட்கார்ந்தால் பாதியில் அழித்துவிடுகிறேன். அதனால் நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. ராத்திரி சாப்பாடு முடிந்து, எல்லோரும் கணப்பு மேசையின் போர்வைக்குள் காலை நீட்டி உட்கார்ந்த பிறகு சத்தமாக வாசித்துக் காட்டு. மாமா சிரிப்பார். சிரிக்கட்டும்.

போன மாதம். ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. குளிர்காலம், அதற்குள் இருட்டிவிட்டது. எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. ஒரு பக்கம் கார் நிறுத்துகிற வெறும் தரை. இன்னொரு பக்கம் குமானோ விடுதி. மூன்று மாடிச் செங்கல் கட்டடம், ஜன்னலெல்லாம் பலகை அடித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்தில் ஆள் நடமாட்டமே இருக்காது. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம்... எங்கோ ஒரு தண்ணீர்க்குழாய் உறுமுகிற சத்தம்... அவ்வளவுதான்.

நாங்கள் மூன்று பேர் போனோம். ஒருவன் டாரன் யசுதாகே. என்னோடு கடையில் வேலை செய்கிறவன். அவன் கொள்ளுத்தாத்தா ஜப்பானில் நம் வகயாமா கடற்கரையிலிருந்து கப்பலேறியவர், ஆனால் அவனுக்கு ஜப்பானிய மொழி சாப்பாட்டுப் பெயர்களோடு சரி. இன்னொருவர் அவனுடைய அத்தை லொரைன். அறுபது தாண்டியவர். ஓய்வுபெற்ற பல் டாக்டர். இந்தப் பேட்டையில் மிச்சமிருக்கிற பழைய கட்டடங்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் வைத்து நடத்துகிறார். குமானோ விடுதி அவருடைய தாத்தா நடத்தியது. அப்பா பிறந்ததும் அங்கேதான். இப்போதைய சொந்தக்காரர் அதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் பார்க்கிறார். மறுநாள் காலை நகராட்சி ஆட்கள் வந்து பார்ப்பதாக இருந்தது. உள்ளே பழசு எதுவும் மிச்சமில்லை என்றால் இடிக்க அனுமதி. இருந்தால் கட்டடம் தப்பிக்கும்.

கீழ்த்தளத்தில் இருக்கும் என்று அத்தை நம்பினார். இரண்டாம் உலக யுத்தத்தில், ஜப்பானிய வம்சம் என்பதற்காகவே இந்தப் பேட்டை ஆட்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிப் பாலைவன முகாமுக்குக் கொண்டுபோனார்களே, அப்போது கையில் தூக்க முடிந்ததைத் தவிர மற்றதையெல்லாம் அந்தக் கீழ்த்தளத்தில் வைத்துவிட்டுப் போனார்களாம். மூட்டைகளின் மேல் இருக்கிற பழைய எழுத்தைப் படிக்க ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

சந்துப் பக்கமிருந்த கீழ்த்தளக் கதவின் பூட்டை டாரன் அறுத்தான். துரு உதிர்ந்தது. கதவு திறந்ததும் ஒரு காற்று வந்தது. அந்துருண்டை, ஈரப் பாய்... அதற்கு அடியில் இன்னொரு வாசனை. இப்போதுதான் வடித்த சோறு.

"நம்ம கடை வாசனைதான்டா, உன் சட்டையிலேர்ந்து வருது" என்றான் டாரன்.

"நூடுல்ஸ் கடையில எதுக்குடா சோறு?"

"அத்தை, விளக்க நான் புடிக்கிறேன். பேய் வந்தா நீங்க புடிச்சுக்குங்க."

"உன்னப் பாத்தா, கடன் கேட்டுடுவியோன்னு பேயே ஓடிடும். பேசாம எறங்கு" என்றார் அத்தை.

படிக்கட்டு முடிகிற இடத்தில் நம் வீட்டு வாசல் போலவே ஒரு தாழ்ந்த தரை. அங்கிருந்து மரத்தளம் ஒரு அடி உயர்ந்து போகிறது. பக்கச் சுவரில் ஷூ வைக்கும் அடுக்கு, காலியாக, தூசியோடு. அத்தை எங்களை நிறுத்தினார்.

"ஷூவக் கழட்டுங்க. எங்க தாத்தா வீடு இது."

"அத்தை, எலி இருக்கும்" என்றான் டாரன்.

"எலி உன்ன ஒண்ணும் பண்ணாது. சொந்தக்காரன்னு விட்டுடும்."

கழற்றினோம். அவசரத்தில் மூன்று ஜோடியும் கோணலும் மாணலுமாக, நுனி உள்பக்கம் பார்க்கக் கிடந்தன. அத்தை முதலில் மரத்தளத்தில் கால் வைத்தார். வைத்துக்கொண்டே, தனக்குத் தெரிந்த ஒரே ஜப்பானிய வார்த்தையைச் சொன்னார்.

"ததாயிமா."

வந்துட்டேன். சொந்த வீட்டுக்குத் திரும்பி நுழையும்போது மட்டும் சொல்வோமே, அது.

அக்கா, இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. சின்ன வயதில் அப்பா கதவைத் திறக்கும்போதெல்லாம் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். வணக்கம் மாதிரி எந்த வாசலிலும் சொல்கிற வார்த்தை என்று நினைத்துக்கொண்டார்கள். அத்தை டாக்டர் வீட்டிலும் சொல்வார், கோயிலிலும் சொல்வார். யாரும் திருத்தியதில்லை. அடுத்தவர் வீட்டில் 'தொந்தரவுக்கு வந்திருக்கிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். திருத்த நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்தது.

பெண் குரல். கை வேலையாக இருக்கும்போது திரும்பிப் பார்க்காமல் சொல்கிற குரல். ஜப்பானிய மொழி... அதிலும் நம் கடற்கரைப் பேச்சு.

"வந்துட்டியாக்கும். ரொம்ப நேரமாயிட்டு."

டாரன் என் விலாவில் இடித்தான். "குரல் நல்லா மாத்துறடா."

"நான் பேசல."

"சங்கத்து ஆளுங்க யாராச்சும் முன்னாடியே வந்துட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே அத்தை உள்ளே போனார். அவருக்கு அந்தப் பதில் புரியவில்லை. எனக்குத்தான் புரிந்தது. பூட்டை இப்போதுதானே அறுத்தோம்... அவர் பின்னாலேயே போனேன்.

உள்ளே யாரும் இல்லை. டாரன் விளக்கை மூலை மூலையாக அடித்தான். சுவர் நெடுக மூட்டைகள், தோல் பெட்டிகள், ஒரு தையல் மிஷின், குழந்தைத் தொட்டில். எல்லாவற்றின் மேலும் விரல்கனத்துக்குத் தூசி. தரையில் மட்டும் தூசி இல்லை. ஈரத்துணியால் துடைத்த மாதிரி மின்னியது. கடைசியில் ஒரு மரக் குளியல் தொட்டி. மூடி போட்டிருந்தது. மூடியின் இடுக்கில் மெல்லிசாக... புகை போல ஒன்று. டாரனும் பார்த்தான். யாரும் பக்கத்தில் போகவில்லை.

அத்தை மட்டும் அழுதுகொண்டிருந்தார். பயத்தில் இல்லை. "எல்லாம் அப்படியே இருக்கு, டாரன். இனி எவனும் இதத் தொட முடியாது."

"நாளைக்குப் பகல்ல வந்து தொடுவோம். வாங்க போலாம்" என்றான் அவன்.

படிக்கட்டுக்கு வந்தோம். டாரன் விளக்கைக் கீழே காட்டினான்.

அவன் ஷூவும் என் ஷூவும் ஒழுங்காக ஜோடி சேர்ந்து, நுனி வாசலைப் பார்க்கத் திரும்பியிருந்தன. புறப்படுகிற விருந்தாளிக்குக் காலை நுழைத்துக்கொள்ள வசதியாக வைப்போமே, அப்படி.

அத்தையின் ஷூ அங்கே இல்லை.

விளக்கு சுவரில் ஏறியது. அடுக்கில், மேல் தட்டில் இருந்தது. அந்த இடத்தில் மட்டும் தூசி துடைத்திருந்தது. வீட்டு ஆள் திரும்பி வந்து, இனி வெளியே போகிற வேலை இல்லை என்றால், எங்கே எடுத்து வைப்போமோ... அங்கே.

அத்தை சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. டாரன் அதை எட்டி எடுத்து அவர் கையில் திணித்தான். போட்டுக்கொள்ளக்கூட இல்லை. அவர் வெறுங்காலோடு படியேறினார். நான் கடைசி. கதவை இழுத்துச் சாத்தும்போது... அக்கா, யோசித்துச் சொல்லவில்லை. சொந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது மட்டும் நம் மொழியில் சொல்வது, இருபது வருஷப் பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது.

"போயிட்டு வரேன்."

கதவுக்கு அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில், மரத்தை ஒட்டி யாரோ வாயை வைத்தது போல:

"போயிட்டு வா. இருட்டும் முன்ன வந்திரு."

மறுநாள் நகராட்சி ஆட்கள் வந்தார்கள். லொரைன் அத்தைதான் சுற்றிக் காட்டினாராம். நான் போகவில்லை. ஆட்கள் நேற்றுத்தான் எழுந்து போன வீடு போல இருக்கிறது என்று அவர்கள் வியந்தார்களாம். கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று முடிவாகிவிட்டது. பேட்டையே கொண்டாடியது. கோயில் கூடத்தில் விருந்து வைத்தார்கள், பீர் ஓடியது. அத்தை வரவில்லை. நகராட்சி ஆட்களோடு உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை. அங்கேயே தங்கிவிட்டார்.

போன வாரம் டாரன் என் அறைக்கு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"ஹயா, எங்க அத்தைக்கு ஜப்பானிய மொழி தெரியாதுல்ல?"

"ஒரு வார்த்தை தெரியும்."

"இப்ப இங்கிலீஷே பேச மாட்டேங்கிறாங்க. நான் யாருன்னு தெரியாத மாதிரி பாக்குறாங்க. எதுவோ சொல்லிச் சொல்லிக் கேக்குறாங்க. நீயே கேளு."

போனில் பதிவு செய்துகொண்டு வந்திருந்தான். அத்தையின் குரல்தான். சந்தேகமே இல்லை. ஆனால் பேச்சு நம் கடற்கரைப் பேச்சு, அம்மாவைவிடப் பழைய பேச்சு.

"போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போச்சே அந்தப் பிள்ளை, இன்னும் காணலையே. குளிக்கத் தண்ணி போட்டு வச்சிருக்கேன். ஆறிப்போவுது. போயி வரச் சொல்லேன்."

பின்னால் மரச் செருப்புச் சத்தம். டக்... டக்... டக். அத்தை பேசிக்கொண்டே இருக்கும்போது, கொஞ்சம் தள்ளி, வேறு யாரோ நடக்கிறார்கள்.

"என்னடா சொல்றாங்க?" என்றான் டாரன்.

"வாசக்கதவு சரியா மூட மாட்டேங்குதாம்" என்றேன். உண்மையைச் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து வாசலில் எந்த வார்த்தையும் சொல்லாமல்தான் அறைக்குள் வருகிறேன், போகிறேன். வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று சான் ஹோசேயில் ஒரு வேலைகூடப் பேசிவிட்டேன். ஆனால் கடை முடிந்து படியேறப் போனால் கால் சந்துப் பக்கம் திரும்புகிறது. நேற்று எனக்கு நினைவு வந்தபோது குமானோ விடுதியின் கதவில் என் கை இருந்தது. வெந்நீர் வாசனை அடித்தது. பயமாக இல்லை அக்கா. களைத்து வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

நான் கப்பல் ஏறின காலத்து ஆள் இல்லை, விமானத்தில் வந்தவன். இருந்தாலும் அந்தக் கால வழக்கப்படி அம்மா தினமும் என் இடத்தில் ஒரு கிண்ணம் சோறு வைத்து மூடுகிறாள் என்று நீ சொன்னாய். தூரப் போன பிள்ளை நல்லபடியாக இருந்தால் மூடியின் உள்பக்கம் வியர்க்கும் என்பாள்.

இதை வாசித்து முடித்ததும் அந்த மூடியை எடுத்துப் பாருங்கள். வியர்த்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா, அதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.