பால்சுறாவும் கித்தேரி பாறையும்

இந்தக் கூடுமுனைக் கடக்கரையில ஆளுகள விடப் பனைமரம் அதிகமா நின்ன காலத்துல, வஸ்தியான்னு ஒருத்தன் இருந்தானாம். வேற யாரும் இல்ல, எங்க முப்பாட்டன்தான். ஞாயித்துக்கெழம கடலுக்குப் போகக் கூடாது. மாதா கோயில்ல பூசை முடிஞ்சா எல்லாரும் சும்மா கெடப்பாவ. இவனுக்குக் கை சும்மா இருக்காது. இந்தப் பாறை மேல உக்காந்து தூண்டில் போடுவான். விக்கவும் இல்ல, திங்கவும் இல்ல, வெறும் வெளையாட்டுக்கு. சுறா இழுக்குற இழுப்பு அவனுக்குக் கள்ளு மாதிரியாம்.

அப்படி ஒரு ஞாயித்துக்கெழம அவன் பொஞ்சாதி கித்தேரிக்கு வலி கண்டுட்டு. தலைப்பிரசவம். "எங்கயும் போயிராதிய"ன்னு அவ கையப் புடிச்சாளாம். மருத்துவச்சியோ, "ஆம்பளைக்கு இங்க என்னலே சோலி? வெளிய போ"ன்னு வெரட்டிட்டா. இவன் எங்க போவான்? பாறைக்குத்தான் போனான்.

தூண்டிலப் போட்டான். இழுத்தான், இழுத்தான், இழுத்துக்கிட்டே இருந்தான். வந்தது ஒரு பால்சுறா. அது முழுசா வளந்தாலே ரெண்டு முழந்தான், கரையோரமாத் திரியும். பாறையில கெடந்து துடிச்சுது. பாத்துக்கிட்டே இருக்கான், வகுத்துலேருந்து ஒரு குட்டி வழுக்கி வந்துட்டு! முட்டை இல்ல, குட்டி. நம்மளப் போலத் தொப்புள்கொடியோட. பொறவு இன்னொண்ணு. பொறவு இன்னொண்ணு.

"மாதாவே, வீட்டுல எங் கித்தேரி!"ன்னு கத்தினானாம். கொடியப் பல்லால கடிச்சுக் குட்டிகளத் தண்ணியில விட்டான். மூணும் நீந்திப் போச்சு. தாயத் தூக்கிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில எறங்கினான். "போயிரு தாயி, போயிரு"ன்னு தள்ளினான். அது போகல. மல்லாந்து செத்துப் போச்சு.

ஓடினான். வீட்டுல சத்தமே இல்லையாம். வாசல்லயே விழுந்து, "போயிட்டாளா?"ன்னு அலறினான். மருத்துவச்சி எட்டிப் பாத்தா. "யாருலே போயிட்டா? புள்ள பால் குடிக்கி. கத்தாத!"

நல்லாத்தான் முடிஞ்சுது. ஆனா பயம் புடிச்சா விடுமா? தெனமும் விடிஞ்ச உடனே கித்தேரி மூக்குக்கு நேரா வெரல வச்சு, மூச்சு வருதான்னு பாப்பானாம். அவ இருமினாப் போதும், ஒக்காந்து அழுவானாம். நாப்பது வருசம் அப்படியே பயந்து பயந்து, கடைசியில அவன்தான் முந்திப் போனான்.

துக்கம் கழிஞ்ச மறு ஞாயித்துக்கெழம, கித்தேரி பாறைக்கு வந்தாளாம். அங்க வெளையாட்டுக்குத் தூண்டில் போட்டுக்கிட்டு இருந்த ஆம்பளைகளப் பாத்துச் சொன்னாளாம்:

"ஏலே, ஒங்களத்தான். சுறா மாட்டுனா மொதல்ல வகுத்தத் தடவிப் பாருங்க. குட்டி இருந்தாக் கயித்த அறுத்து விட்டுருங்க. சுறா மேல எரக்கப்பட்டுச் சொல்லல. நாப்பது வருசம் எம் மாப்பிள்ள என்னப் பொணமாத்தான் பாத்தாரு. நீங்களாவது ஒங்க பொஞ்சாதிமார உசுரோட பாருங்க."

அன்னையிலேருந்து இது கித்தேரி பாறை. இப்ப கார்ல வந்து, வெலகூடின தூண்டில் கம்பு போடுறவங்ககூட இங்க சுறா வகுத்தத் தடவித்தான் பாக்காவ. குட்டி இருந்தா அறுத்து விட்டுருதாவ. விட்டுட்டு, ஒரு ஓரமாப் போயி வீட்டுக்குப் போன் போட்டு, "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்"னு சொல்லுதாவ.