ஆலமண்ட வீட்டுத் துப்பாக்கி

ஈட்டி மரத்தை மழைக்காலத்தில் இழைக்கக் கூடாது என்பார்கள். நன்றாகக் காய்ந்த பழைய மரமாக இருந்தால் எங்கள் ஊர் ஆவணி மழைகூட அதை ஒன்றும் செய்வதில்லை. இதை முதலில் சொல்லக் காரணம், நீங்கள் வீட்டுக்குள் வந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான்: இத்தனை பழைய ரைஃபிளுக்கு தோளில் பதியும் மரக்கட்டை மட்டும் இத்தனை புதிதாக எப்படி வந்தது என்று. நல்ல கேள்வி. இதற்கு முன் இருந்த இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்திருக்க மாட்டார்.

நான் ஆலமண்ட மந்தண்ணா. இந்தக் குடும்பத்தில் இப்போது மூத்தவன். இறந்தவன் என் தம்பி பூவய்யா. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி போன பிறகு இந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இருவர்தான். சமையல்காரி மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள்.

கூடத்தில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது, பார்த்தீர்கள். மூங்கில் சட்டத்தில் கட்டித் தொங்கும் புலி, பக்கத்தில் மாப்பிள்ளைக் கோலத்தில் எங்கள் தாத்தா அச்சய்யா. புலியைக் கொன்றவனை அந்தப் புலியோடு உட்காரவைத்துக் கல்யாணம்போலவே மங்கலம் செய்வது குடகில் அந்தக் காலத்து வழக்கம். ஊரே வந்து அரிசி தூவி வாழ்த்தும். அந்தப் பெருமை எல்லா வீட்டுக்கும் கிடைத்ததில்லை. எங்களுக்குக் கிடைத்தது. நல்லது கெட்டது எதுவானாலும் முதல் நாற்காலி எங்களுக்குப் போடப்படுவது அதனால்தான். புலியைச் சுட்ட துப்பாக்கி இதுதான்.

கைல்போது பண்டிகை நெருங்கியிருந்தது. அன்றைக்கு வீட்டுத் துப்பாக்கிகளை விளக்கின் முன் வைத்து, செங்காந்தள் பூச் சூட்டிக் கும்பிடுவோம். அதற்காகப் பின்கட்டில் உட்கார்ந்து இதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம். பூவய்யா தோட்டத்திலிருந்து நனைந்து வந்தான். எதிரே உட்கார்ந்து, காலில் ஏறியிருந்த அட்டைகளை உப்புத் தொட்டுப் பிடுங்கிப் போட்டபடியே பேசினான்.

“அண்ணா, பண்டிகைக்கு எல்லா ஆளும் கூடுவாங்க இல்ல. அப்பவே சொல்லிடறேன்.”

“என்னத்தச் சொல்லப் போற?”

“புலியச் சுட்டது தாத்தா இல்லன்னு. சுட்டது சாத்தன். தாத்தா பட்டுக் கட்டிக்கிட்டுப் போட்டோவுக்கு உக்காந்தாரு. அவ்வளவுதான அவர் பங்கு?”

சாத்தன் என்பவன் அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் வேலை செய்த எரவன், காட்டுப் பழங்குடி ஆள். வாயை மூடிக்கொண்டிருப்பதற்காகக் கீழ்வயலை ஒட்டிய துண்டு நிலத்தைத் தாத்தா அவனுக்கு வாக்களித்தாராம். அவன் பேரனுக்கு அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது பூவய்யாவின் எண்ணம். பேரன் குடியிருந்த கொட்டகையை நான் பிரிக்கச் சொல்லியிருந்தேன். அதிலிருந்துதான் பேச்சு வந்தது.

“இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?”

“அப்பா சொன்னாரு. உங்களுக்கும்தான் சொல்லியிருக்காரு. தெரியாத மாதிரி முகத்த வச்சுக்காதீங்க.”

அப்பா சொன்னது உண்மைதான். ஒரு வீட்டுக்குள் சொல்வது வேறு, ஊர் முன்னால் சொல்வது வேறு. அதை அவனுக்குப் பொறுமையாகவே எடுத்துச் சொன்னேன். அவன் சிரித்தான்.

“புலிக்கே தெரியும்ணா யாரு சுட்டதுன்னு. நீங்க எதுக்கு அதுக்கு வக்கீலு? அதுவும் தோளுக்கே எட்டாத துப்பாக்கிய இந்தத் துடை துடைக்கறீங்க.”

இதற்கு ஒரு விளக்கம் வேண்டும். துப்பாக்கியின் கட்டையை ஒருவருடைய கைக்கு அளவெடுத்து வெட்டுவார்கள். முழங்கை மடிப்பிலிருந்து ஆட்காட்டி விரல் வரை உள்ள நீளம்தான் அளவு. பழைய கட்டை தாத்தாவின் கைக்கு வெட்டியது. அவர் நெடிய மனிதர். பூவய்யாவும் அவரைப்போல் வளர்ந்தான். நான் அம்மாவின் வாகு. பண்டிகையன்று மர உச்சியில் கட்டிய தேங்காயைச் சுடும் போட்டிக்கு, மூத்தவன் நான் நிற்கும்போதே, அப்பா துப்பாக்கியை அவன் கையில்தான் கொடுப்பார். அவனும் தவறாமல் உடைப்பான். அதெல்லாம் சின்ன விஷயம். அதற்காக அடித்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். குடும்ப மானத்துக்காக அடித்தேன்.

துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துத் தலையில் ஒரு முறைதான் அடித்தேன். அவன் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். துப்பாக்கிக் கட்டை அதன் கழுத்தில் முறிந்தது. கை பிடிக்கும் இடம் மெலிந்திருக்குமே, அங்கே. மரமும் பழசு.

அவன் காதிலிருந்து ரத்தம் வந்தது, ஆனால் மூச்சு இருந்தது. உள்ளறைக்குத் தூக்கிப்போய்க் கட்டிலில் போட்டேன். தலையைத் துடைத்துக் கட்டுப் போட்டேன். மூத்தவன் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

விராஜ்பேட்டை டாக்டரை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். வாசல்படி பாசி பிடித்திருந்தது, வழுக்கி விழுந்தான் என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பிழைத்து எழுந்தால் அவன் பேசுவான். புலியைப் பற்றியும் பேசுவான், அடியைப் பற்றியும் பேசுவான். சாவதே எல்லாருக்கும் மரியாதை என்று தோன்றியது. ஆனால் உடனே சாகவும் கூடாது.

நீங்கள் ராய்ச்சூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் வழக்கம் தெரிந்திருக்காது. எங்கள் வீடுகளில் ஆண் குழந்தை பிறந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்போம். சாவு விழுந்தால் இரண்டு வெடி. இரண்டு வெடி கேட்டால் வயலில் நிற்பவன்கூட அப்படியே கிளம்பி வருவான். ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுச் சாவை இதுவரை இந்தத் துப்பாக்கிதான் சொல்லியிருக்கிறது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிச் சுட்டால், ஆலமண்ட வீட்டுத் துப்பாக்கி எங்கே என்று முதல் ஆளே கேட்பான். ஆகவே கட்டை தயாராகும்வரை அவன் சாகாமல் பார்த்துக்கொண்டேன். வேளை தவறாமல் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினேன். இறங்காதபோது தொண்டையைத் தடவிக் கொடுத்தேன். அண்ணன்மாரில் எத்தனை பேர் இதைச் செய்வார்கள் என்று தெரியவில்லை.

மரத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அவன் படுத்திருந்த கட்டில் ஈட்டி மரம், அப்பா காலத்தது. கால்மாட்டுப் பலகை நல்ல கனம். அவன் படுத்திருக்கும்போதே ஆணிகளைக் கழற்றி அதை எடுத்தேன். நெடிய ஆள், பலகை போனதும் பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டன. ஒரு முக்காலியைப் போட்டு வைத்தேன்.

தச்சு வேலை எனக்குச் சிறு வயதிலிருந்தே கைவரும். ஆனாலும் குழலும் விசையுமான இரும்பை மரத்தில் உட்கார வைப்பது பொறுமையைக் கேட்கிற வேலை. இரும்பின் அடியில் விளக்குக் கரியைத் தடவி, குடைந்த பள்ளத்தில் அமுக்கி எடுக்க வேண்டும். கரி ஒட்டிய இடம் மேடு. அந்த மேட்டை மட்டும் உளியால் சுரண்ட வேண்டும். மறுபடி கரி, மறுபடி அமுக்கு. தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் சுடும்போது இரும்பு ஆடி மரத்தைப் பிளந்துவிடும். அவன் முனகல் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்துதான் செய்தேன். முனகல் நின்றால் போய்ப் பார்ப்பேன்.

நீளத்தை என் கைக்கு அளந்து வெட்டினேன். வேறு யார் கைக்கு அளப்பது?

பக்கத்துத் தோட்டத்துக் குட்டய்யா ஒருநாள் வந்தான். உங்களிடம் பேசியவன் அவன்தான். சீட்டுக்கு ஆள் குறைகிறது என்று பூவய்யாவைத் தேடி வந்தவன், நான் இழைப்பதைப் பார்த்து நின்றான்.

“என்ன மந்தண்ணா, இந்த வயசுல கல்யாணக் கட்டிலா? பொண்ணு எந்த ஊரு?”

“துப்பாக்கிக்குக் கட்டை. பழசு உளுத்துப் போச்சு.”

“உங்க வீட்டு மரம்கூட உளுக்குமா? சரி, எங்க நம்ம சுபேதாரு? தோத்த கடுப்புல ஒளிஞ்சுக்கிட்டானா?”

அப்போது உள்ளே முனகல் கேட்டது.

“காய்ச்சல்” என்றேன்.

“சத்தம் சரியில்லையே. ஜீப்பு வெளியதான் நிக்குது, ஒரு எட்டு விராஜ்பேட்டைக்குத் தூக்கிட்டுப் போயிடலாமா?”

“பட்டாளத்துக்காரனுக்குக் காய்ச்சலுன்னா ஜீப்பா? மிளகு போட்டு ரம் குடுத்திருக்கேன். எறங்கிடும்.”

“எனக்கும் கொஞ்சம் காய்ச்சல் அடிக்கற மாதிரித்தான் இருக்கு” என்றான். அவனுக்கும் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் தேய்த்துத் தேய்த்து ஏற்றினேன். மரம் கறுத்து மினுங்கியது. திருகாணிகளை முடுக்கியபோது இரும்பும் மரமும் ஒன்றாகவே வளர்ந்தவைபோல் இருந்தன. என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல வேலை செய்ததில்லை.

மறுநாள் காலையில் மழை தூறலாகக் குறைந்திருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். மூச்சு தெரியவில்லை. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் படவில்லை என்றுதான் நினைத்தேன். உளி பிடித்துக் காய்த்துப்போன விரல். கட்டை தயாராக இருந்தது. அவனும் தயார் என்றே எடுத்துக்கொண்டேன்.

வெள்ளை உடுத்து முற்றத்தில் நின்றேன். துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். அது அங்கே உட்கார்ந்ததைச் சொல்ல வேண்டும். எழுபது வயதில் முதல் தடவையாக விரல் தானாகவே விசையில் போய் நின்றது. இரண்டு வெடி. மலை இரண்டையும் திருப்பிச் சொன்னது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வயல் வரப்பில் குடைகள் வருவது தெரிந்தது. முன்னால் குட்டய்யா.

உடலை வடக்கே தலைமாட்டாக மாற்ற உள்ளே போனேன். பூவய்யா கண்ணைத் திறந்திருந்தான். அடிபட்ட நாளிலிருந்து அவன் கண்ணைத் திறந்ததில்லை. வெடிச் சத்தம் பட்டாளத்துக்காரனை எழுப்பிவிட்டது என்று நினைக்கிறேன். குரல் தெளிவாகவே இருந்தது.

“யாரு செத்தாங்க, அண்ணா?”

ஜன்னல் வழியே பார்த்தேன். குடைகள் கீழ்வயலைத் தாண்டிவிட்டன. இரண்டு வெடி வைத்துவிட்டு, வீட்டில் சாவே இல்லை என்று அந்தக் குடும்பங்களுக்கு முன்னால் நான் எப்படி நிற்பேன், நீங்களே சொல்லுங்கள்.

“நீதான், பூவா” என்றேன். கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் செய்வது முறையல்ல. பிறகு தலையணையை எடுத்தேன். அவன் கைகள் நீளமானவை, என் சட்டையைப் பிடித்தன. கொஞ்ச நேரத்தில் விட்டன.

அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் கால் வைத்தபோது எங்கள் வீட்டுத் துப்பாக்கி சொன்னது உண்மையாகவே இருந்தது. ஆலமண்ட வீட்டில் பொய் கிடையாது. அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.