சாகாத பணிப்பெண்

"ராத்தா, அவள ஏன் நீங்க சாகவிடல்ல?"

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில், முன் இருக்கையிலிருந்து இந்தக் கேள்வி வந்ததும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். கேட்டவள் குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பியிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அக்கா. பேச்சு, ராஜா காலத்து டீவி நாடகம் ஒன்றில் வரும் அரண்மனைப் பணிப்பெண்ணைப் பற்றியது. தங்கைக்கு அங்கே டீவி பார்க்கக் கிடைக்காததால், அக்காதான் வாராவாரம் போனில் கதை சொல்லியிருக்கிறாள்.

"நேத்து திரும்பப் போட்டாங்க, பார்த்தேன். ராணி குடுத்த நஞ்சக் குடிச்சு அவ மௌத்தாகிட்டா. தப்பி ஓடிட்டாண்டுதானே நீங்க சொன்னீங்க?"

"நீயும் அங்க ஒரு ஊட்டுல தனியாத்தானே வேல செஞ்சாய். எப்பிடிச் சொல்றது?"

"அப்ப அவ சாப்பாட்டுக் கடை போட்டது?"

"நான் சொன்னதுதான்."

"கலியாணம் முடிச்சது? புள்ள பொறந்தது?"

"எல்லாம் நான்தான். கோவமா?"

நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கி ஜன்னலில் தெரிந்து மறைந்தது. பிறகு தங்கை அக்காவின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"பொறகு அந்தப் புள்ளைக்கு என்ன நடந்திச்சு?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

"அது சரியான வாய்க்காரி," என்று தொடங்கினாள்.