வலது கையால் போட்ட சுழி

முதலில் தேநீரைக் குடியுங்கள், விநாயகமூர்த்தி ஐயா. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால் பவுசர் லொறியில் வந்த நல்ல தண்ணீரில்தான் போடச் சொன்னேன். சீனியும் அளவாக இருக்கும். இந்த வீட்டில் கொஞ்ச நாளாக எல்லாமே அளவாகத்தான் நடக்கிறது.

கல்வி அதிகாரி நீங்கள், கந்தோரிலிருந்து இந்த வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓடி வந்து என் மேசையில் இரண்டு கடதாசிகளை வைத்திருக்கிறீர்கள். ஒன்று பெயர் போடாத புகார்ப் பெட்டிசம், மற்றது விண்ணப்பம். இரண்டும் நான் எழுதியவை. ஏன் எழுதினேன் என்பதைச் சொன்னால் உங்களுக்கே நியாயமாகப் படும்.

இந்தத் தீவில், எங்கள் ஊரில் ரோட்டுக்கு வடக்கே ஒரு பள்ளிக்கூடம், தெற்கே ஒரு பள்ளிக்கூடம். இதன் மணி அதற்குக் கேட்கும். எது திறம் என்பதுதான் ரியூசன் வகுப்பு வாசலில் நிற்கிற தாய்மாருக்கு நாள்முழுக்கப் பேச்சு. வடக்கில் இரண்டு மாடிக் கட்டடம் உண்டு. மாத்தறையில் கடை வைத்திருந்த என் மாமனார் கதிர்காமுவின் பெயர் அதில் மாபிள் கல்லில் இருக்கிறது. பிரான்சிலிருந்து காசு அனுப்பியவர் என் கணவர் நிமலன். பாண்ட் வாத்தியம் உண்டு, தொப்பியில் இறகு உண்டு. சுவரில் ஒரு ஸ்மார்ட் போர்ட் உண்டு. பழுதாகிவிடும் என்று பொலித்தீன் உறையை இன்னும் கழற்றவில்லை. தெற்கில் என்ன இருக்கிறது? அஸ்பெஸ்டஸ் கூரை, நாலாம் பாடத்துக்கு வகுப்புக்குள் வருகிற ஆடுகள். புத்தியுள்ளவர்கள் பிள்ளையை எங்கே விடுவார்கள்? நானும் என் மகள் தாரிகாவை வடக்கில்தான் விட்டேன்.

வடக்கில் ஒரே ஒரு சின்னக் குறை. இரண்டு வருடமாகக் கணக்குக்கு ஆசிரியர் இல்லை. அந்தப் பாடவேளையில் உடற்பயிற்சி ஆசிரியர் வந்து நிற்பார். பிள்ளைகளுக்குத் தோள்கள் நன்றாக விரிந்தன, பின்னம் மட்டும் பிடிபடவில்லை. தெற்கில், அந்த ஆடுகளுக்கு நடுவில், கணக்கு ஆசிரியர் நிரோஜன் சேர் இருந்தார். எட்டாம் ஆண்டுத் தவணைப் பரீட்சையில் தாரிகாவுக்கு இருபத்து மூன்று. அங்கே படித்த பவதாரணிக்குத் தொண்ணூற்றாறு.

"என்ன துஷாந்தினி, மாபிள் கல்லுக்குப் பின்னாலை கணக்குச் சொல்லிக் குடுக்க ஒருதரும் இல்லையோ?" என்று ரியூசன் வாசலில் ஜெனீற்றா கேட்டாள். அவளுடைய மகன் தெற்கில் படிக்கிறான். நான் சிரித்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பிள்ளையை மாற்றுவோமா என்று கணவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "அப்பான்ரை பேர் போட்ட கட்டடத்தை விட்டிட்டு, ஆடு மேயிற இடத்துக்கு என்ரை பிள்ளையை அனுப்பப் போறீரோ? சங்கத்திலை நான் தலை நிமிர்த்த ஏலாது," என்றார். அவர் பாரிசில் பழைய மாணவர் சங்கத் தலைவர். பிள்ளையை மாற்ற முடியாது என்றால் ஆசிரியரைத்தானே மாற்ற வேண்டும்? அவரை அங்கிருந்து கிளப்பினால், கூப்பிடு தூரத்தில் எங்கள் வெற்றிடம். கந்தோர் அவரை வேறெங்கே போடப் போகிறது? அப்படித்தான் நினைத்தேன்.

பிந்தி வருகிறார் என்று ஒரு பெட்டிசம் போட்டேன். பாட நேரத்தில் போனில் கதைக்கிறார் என்று இன்னொன்று. இரண்டும் கிணற்றில் போட்ட கல். பிறகு, கந்தோரில் தெரிந்த ஒரு கிளாக்கர் தம்பி சொன்னான்: "மொட்டைப் பெட்டிசத்தை ஆர் அக்கா வாசிக்கினம்? பிள்ளையின்ரை பேர் கிடந்தால்தான் விசாரணை வரும்."

ஆகவே ஒரு பிள்ளையின் பெயர் தேவைப்பட்டது. கண்டபடி ஒரு பெயரை எழுதுகிற ஆள் நான் இல்லை. நன்றாக யோசித்தேன். பவதாரணி பள்ளிக்கூடம் விட்ட பிறகும் மூன்று மணி வரை இருந்து கணக்குச் செய்கிற பிள்ளை. தகப்பன் இல்லை. தாய் பனையோலைப் பெட்டி இழைக்கிறவள், கந்தோர் வாசலில் வந்து சத்தம் போடத் தெரியாதவள். எல்லாம் பொருந்தி வந்தது. அசிங்கமாக ஒரு சொல்லும் நான் எழுதவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறார் என்று மட்டும் எழுதினேன். மொத்தம் ஆறு வரி. மிச்சத்தை ஊர் எழுதியது.

மூன்று தரம் அவளை விசாரித்தீர்கள். மூன்று தரமும் "சேர் கணக்குத்தான் சொல்லித் தந்தவர்" என்றே சொன்னாளாம். ஒரே மாதிரிச் சொல்கிறாள் என்றால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று ரியூசன் வாசலில் கதை வந்தது. அதை முதலில் சொன்னது நானாக இருக்கலாம், சரியாக நினைவில்லை. நிரோஜன் சேரை வன்னிக்கு மாற்றினீர்கள். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்வி. எனக்கும் கவலைதான். நான் கேட்டது ரோட்டைக் கடக்கிற ஒரு இடமாற்றம், நீங்கள் அவரைக் கடல் கடத்திவிட்டீர்கள்.

அவர் வேறெங்கும் போய்விடக் கூடாது என்றுதான் பெட்டிசம் போட்ட அதே கிழமையே, பெற்றோர் சார்பில் இந்த விண்ணப்பத்தையும் அனுப்பினேன். வடக்குப் பள்ளிக்கூடத்துக்கு நிரோஜன் சேரைத் தந்துதவுங்கள் என்று. இப்போது கேட்கிறீர்கள், அப்படிப்பட்டவர் என்று எழுதிய ஆளை உன் மகள் படிக்கிற இடத்துக்கு எப்படிக் கேட்டாய் என்று. அவர் தங்கமான மனிதர், ஐயா. அவரில் ஒரு குற்றமும் இல்லை என்று என்னைவிட நிச்சயமாக யாருக்குத் தெரியும்? தெரியாமல் கேட்டிருப்பேனா? நான் பெண் பிள்ளையைப் பெற்றவள்.

எழுத்து பிடிபடாமல் இருக்கப் பெட்டிசத்தை இடது கையால் எழுதினேன். ஆனால் பிள்ளையார் சுழியை இடது கையால் போட மனம் வரவில்லை. அதை மட்டும் வலது கையால், வழக்கம்போலக் கீழே இரண்டு கோடு இழுத்துப் போட்டேன். விண்ணப்பத்திலும் அதே சுழிதான். பக்தி இல்லாதவளாக இருந்திருந்தால் நீங்கள் இன்றைக்கு இங்கே வந்திருக்க மாட்டீர்கள்.

பவதாரணியை எண்ணி நீங்கள் வருந்த வேண்டியதில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருக்க மாட்டோம் என்று வகுப்பில் பிள்ளைகள் கதிரையைத் தள்ளிப் போட்டார்களாம், அதனால் படிப்பை நிறுத்திவிட்டாள். ஊரே ஒதுக்கியபோது யார் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது? நான்தான். பங்குனியிலிருந்து இங்கேதான் நிற்கிறாள். வேலைக்காரி என்று சொல்லாதீர்கள், பிள்ளை மாதிரி. தாரிகாவின் பழைய சட்டைகள் அவளுக்கு அளவாக இருக்கின்றன. பின்னேரம் குசினியில் சமையல் வேலை முடிந்ததும் தாரிகாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். நிரோஜன் சேர் சொல்லிக் கொடுத்த அதே முறை. இந்தத் தவணை தாரிகாவுக்கு எழுபத்தொன்று. பள்ளிக்கூடத்தில் ஒன்றும் இல்லை, ஐயா, வீட்டுச் சூழல்தான் முக்கியம்.

தேநீர் கொண்டுவந்து வைத்தாளே, அவள்தான். உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. நீங்கள் விசாரித்தபோது பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் இருந்திருப்பாள்.

சொன்னதையெல்லாம் எழுத்தில் கேட்கிறீர்கள். தருகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது? ஆனால் என் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பவதாரணிக்கு முத்துமுத்தான எழுத்து. கூப்பிடுகிறேன், நான் சொல்லச் சொல்ல அவள் எழுதட்டும். சுழியை மட்டும் நான் போட்டுவிடுகிறேன்.