சைப்ரஸ் சேரட்டும் எண்டு

– நில்லடா ஜதுர், நில்லு. காரை ஓரமா விடுறன். இப்ப சொல்லு. என்ன, வரமாட்டியோ? நான் ஓகஸ்டுக்குச் சொந்தம் முழுக்கக் கூடப் பாரிசில ஹோல் புக் பண்ணிப்போட்டன்!

– துர்க்கா அக்கா, கத்தாதேங்கோ. குசினிக்குள்ள முதலாளி நிக்கிறான். இஞ்சை சைப்ரஸ், அந்த ஐரோப்பிய செங்கன் விசாக் கூட்டில சேருறதுக்குக் கதைச்சுக்கொண்டிருக்கினம். இன்னும் சேரேல்லை.

– ஐயோ கடவுளே! சேர்ந்தா விசா இல்லாமல் பிரான்சுக்கு வரலாமெண்டு நீதானேடா சொன்னனி?

– சேர்ந்தா எண்டுதான் சொன்னனான். அதுக்குள்ள ஹோல் பிடிப்பியள் எண்டு ஆர் கண்டது?

– சுவிசில இருந்து பெரியப்பான்ர ஆக்கள் முழுக்க வருகினம். ஜேர்மன் மாமி டிக்கெட்டும் போட்டிட்டா. இஞ்ச கனடாவில அஜின்கோர்ட் முழுக்க நான் சொல்லித் திரியிறன், பதின்மூண்டு வருசத்துக்குப் பிறகு என்ர தம்பியைப் பாக்கப்போறன் எண்டு. இப்ப வந்து இல்லையெண்டுறாய்!

– அதோட அக்கா, நாடு சேர்ந்தாலும் என்ர வதிவிடக் கார்ட்டுக்கு விடுவாங்களோ தெரியாது. லோயர் வடிவாச் சொல்லுறானில்லை.

– நீ வெளிக்கிடேக்கை இருவது வயசடா. மீசை கூட ஒழுங்கா வரேல்லை. இப்ப வீடியோவில பாத்தா முன்பக்கம் மொட்டை. உன்ர கையை ஒருக்காப் பிடிக்கோணும் எனக்கு. விளங்குதோ?

– எனக்கும்தான் அக்கா.

– அந்தக் கோதாரி அரசாங்கத்துக்கு உது விளங்காதோ? ஒரு கையெழுத்துத்தானே, வைச்சாலென்ன?

– அக்கா, ஒண்டு கேக்கட்டே? மார்ச் விடுமுறைக்குப் பிள்ளையளோட மெக்சிகோ போனனீங்களெல்லே. விசா எடுத்தனீங்களோ?

– கனடா பாஸ்போர்ட்டுக்கு என்ன விசா? நீட்டினா முத்திரை அடிச்சு விடுவான். அதுக்கும் இதுக்கும் என்ன?

– இஞ்சையும் அப்பிடித்தான்.

– எங்கை?

– சைப்ரசில. உங்கட பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை. ரெண்டு பிளேன் மாறினா லார்னாக்கா எயார்போர்ட். நான் வந்து கூட்டிக்கொண்டு போவன்.

– பகிடி விடாதை ஜதுர்.

– பகிடி இல்லை அக்கா.

– எப்ப தொடக்கம்?

– நான் வந்து இறங்கின நாளிலயும் அப்பிடித்தான்.

– என்னடா சொல்லுறாய்... சைப்ரசெண்டா எங்கட ஆக்களை விடமாட்டாங்கள் எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தன்! மூண்டு தரம் பாரிசுக்குப் போய், மூண்டு தரமும் உன்னை நினைச்சு அழுதுபோட்டுத் திரும்பி வந்தனான். உனக்குத் தெரிஞ்சிருக்கு! ஏன்ரா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?

– ‘நான் அங்கை வரட்டோ’ எண்டு ஒருக்காக் கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், அக்கா.